நல்ல தண்ணியில் விட்ட சோப்பு முட்டை

1

பள்ளிக்கூடத்துக் கோடை விழாவுக்கு இந்த வருடமும் என்னைத்தான் குமிழிப் பொறுப்பில் போட்டிருந்தார்கள். தெற்கு ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் இந்தச் சின்ன ஊரில் ஆளுக்கொரு பெருமை உண்டு. எதிர்வீட்டுக்காரர் அக்கார்டியன் வாசிப்பார். அவர் மனைவி பிளம்ஸ் கேக் செய்வார். நான் சோப்புக் குமிழி விடுவேன். தோல் வேதியியல் படித்து, ஒரு ரசாயன கம்பெனியின் ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிற மனிதனுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. ஆம்பூரில் எங்கள் தெருவில் இதற்குச் சோப்பு முட்டை என்று பெயர். வெளிநாடு போய் முட்டை விடுகிறேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்காது என்பதால் ரொம்ப வருடம் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், விழாவுக்கு யார் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பெரிய பெரிய குமிழி விடுவேன் என்று சொல்ல எழுந்தேன். ஜெர்மனில் குமிழிக்கும் மூத்திரப் பைக்கும் ஒரே சொல். முன்னால் சோப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் ஆபத்தில்லை. நான் சேர்க்கவில்லை. என்னிடம் மிகப் பெரிய மூத்திரப் பை இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் மகிழ்ச்சியோடு அறிவித்தேன். டீச்சர் நல்ல மனுஷி. நடைபாதைக் கடைசியில் வலப்பக்கம் என்று வழி காட்டினார்.

பிறகு பள்ளி அலுவலகம் எழுதிக் கேட்டது: கரைசலில் என்னென்ன சேர்க்கிறீர்கள்? கண்ணில் பட்டால் எரியுமா? புல் கருகுமா? தேனீக்களுக்கு ஆகுமா? தோல் பதனிடும் ரசாயனங்களுக்குப் பாதுகாப்புக் குறிப்பு எழுதுவதுதான் என் பிழைப்பு. அதே சிரத்தையோடு உட்கார்ந்து, பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் சர்க்கரைக்கும் எழுதினேன். தண்ணீர் என்ற இடத்தில் 'குழாய்த் தண்ணீர்' என்று போட்டேன். அதைப் பற்றி மட்டும் அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த வருடம் முதுகு வலி என்று சொல்லிவிட்டேன். டீச்சர் நம்பினார். குமிழிக்குப் பதிலாக யாரோ ஒருவர் பலூனில் நாய்க்குட்டி செய்யப் போகிறாராம். என் மகள் லீனா நம்பவில்லை. ஏழு வயது. காரில் பின்சீட்டிலிருந்து ஜெர்மனில் சொன்னாள்: "அப்பா, உனக்கு முதுகு வலி இல்லை. உனக்கு வெட்கம்."

உண்மைதான். அந்த வெட்கத்துக்குக் காரணம் போன மே மாதம் ஊரில் நடந்தது. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு எல்லாம் தெரியும், ஆகவே இனிமேல் மறைக்க மானம் என்று தனியாக ஒன்றும் பாக்கியில்லை. எழுதிவிடுகிறேன்.

2

என் அக்கா ஸ்டெல்லா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருக்கிறாள். மாமாவுக்கு ராணிப்பேட்டையில் வேலை, வாரக் கடைசியில் வருவார், வராமலும் இருப்பார். ஒரே மகன் ஜெபின், பத்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசும்போது அக்கா தவறாமல் கேட்பாள்: "கொழந்த தமிழ் பேசுதாடா?" நானும் தவறாமல் சொல்வேன்: "வீட்ல சுத்தமா தமிழ்தான்கா."

பாதி உண்மை. நானும் என் மனைவியும் தமிழில் பேசுவோம், லீனா ஜெர்மனில் பதில் சொல்வாள். ஒரே வீட்டில் இரண்டு வானொலி நிலையம் ஓடுவது மாதிரி. அவளுக்கு எல்லாம் புரிகிறது என்று நான் நம்பினேன். ஆதாரம் எதுவும் என்னிடம் கிடையாது.

மே மாதத்தில் லீனாவின் பள்ளிக்கு விடும் இரண்டு வாரப் பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறைக்கு நானும் லீனாவும் மட்டும் கிளம்பினோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. வாசலிலேயே அக்கா கையை விரித்தாள்: "வாடி என் தங்கம், சாப்ட்டியா?" தங்கம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. முதல் நாள், பயணக் களைப்பு என்றார்கள். மறுநாள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அதற்கடுத்த நாள் ஜெபின் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"மாமா, லீனா ஊமையா?"

"டேய்! அவளுக்கு ஜெர்மன் தெரியும்டா."

"அப்ப ஜெர்மன்லயாவது பேச சொல்லு மாமா, கேக்கலாம்."

அவள் ஜெர்மனிலும் பேசவில்லை. தெருப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் சுற்றி நின்று அவள் செருப்பைப் பார்த்தார்கள், முடியைப் பார்த்தார்கள், பிறகு மூடிய கடையின் முன்னால் நின்று என்ன பயன் என்பது போல விளையாடப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்துகொண்டு லீனா என்னிடம் சொன்னாள்: "இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அடுத்த வருடம் நீ மட்டும் வா."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து முடிவெடுத்த மாதிரி சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏழு வயதில் வரமாட்டேன் என்கிற பிள்ளை பதினேழு வயதிலா வரப்போகிறாள்? அக்கா அவளுக்குப் போனில் தெரிகிற ஒரு முகம். அவ்வளவோடு நின்றுவிடும். கிளம்புவதற்குள் இந்தத் தெருவில் ஒரு பிள்ளையிடமாவது அவள் வாய் திறக்க வேண்டும். நான் இரவெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. நாளைக்கு முட்டை விடுவது என்று தீர்மானித்தேன்.

3

மறுநாள் சனிக்கிழமை. அக்காவுக்கு அரை நாள் ஷிப்டு. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வாசலில் நின்று சொன்னாள்:

"டேய் எட்வினு, சோறு கொழம்பு எல்லாம் கீது. பசங்களுக்கு கேன் தண்ணி குடு. கொழாயில புடிச்சி குட்த்துடப் போற, உப்பு."

"எனக்குத் தெரியாதாக்கா?"

தெரியாதா என்ன. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்று ஒன்று கிடையாது, இரண்டு உண்டு. குடிக்கிறது நல்ல தண்ணி. மற்றது உப்புத் தண்ணி. பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்கிற சொற்கள் இவை. தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டு வரும், தொழிற்சாலையில் அந்த உப்பைக் கழுவுவார்கள், கழுவியது காலம் காலமாக மண்ணுக்குள் இறங்கியது. எல்லோருக்கும் தெரியும். அதே தோல்தான் எங்களுக்குச் சோறு போட்டது, பீஸ் கட்டியது, என்னை விமானம் ஏற்றியது. ஆகவே யாரும் சத்தமாகத் திட்டுவதில்லை, நல்ல தண்ணி எங்கே கிடைக்கும் என்றுதான் பார்ப்பார்கள். சின்ன வயதில் நானும் அக்காவும் சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றுக்குப் போவோம். திரும்பும்போது ஏறி மிதிக்கக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். இப்போது கேன் வருகிறது. நகராட்சிக் குழாயிலும் எப்போதாவது முறை வைத்து நல்ல தண்ணி விடுகிறார்கள். வீட்டுக் குழாயில் எந்நேரமும் வருவது போர் தண்ணி, உப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் எந்த வேலை ஆரம்பித்தாலும் நான் முதலில் பார்ப்பது தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைத்தான். அதைப் பற்றிப் படங்களோடு ஒரு உரையே ஆற்றியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

அந்த நிபுணர் அன்று காலை கடைத்தெருவுக்குப் போனார். பாத்திரம் கழுவும் திரவம் வாங்கினார். மெடிக்கலில் கிளிசரின் கேட்டார்.

"இன்னாத்துக்கு சார், ஒதடு வெடிச்சிகீதா?"

"இல்லப்பா, முட்ட வுடறதுக்கு."

கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பாட்டிலைக் கொடுத்தார். நான் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வளையத்துக்கு ஜெபின் வழி சொன்னான். கம்பெனியில் கழித்துப்போட்ட ஷூ லேஸ்களை அக்கா ஒரு பை நிறைய வைத்திருந்தாள். நாலைந்தை முடிச்சுப்போட்டு, உடைந்த ஒட்டடைக் குச்சியின் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் கட்டினேன். பெரிய அலுமினிய அன்னக்கூடையை அடியில் வைத்து வீட்டுக் குழாயைத் திறந்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜெர்மனியில் எனக்குப் படிந்துபோன பழக்கம் இது. கையைக் கழுவுகிற அதே குழாயில் குடிக்கிற ஊரில், நல்ல என்கிற சொல் தண்ணீருக்கு முன்னாலிருந்து எனக்குத் தெரியாமலே உதிர்ந்துபோயிருந்தது.

தெருவில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். லீனா வாசற்படியில் நின்றாள். நான் லேஸை நனைத்து, குச்சிகளை விரித்து, விழாவில் செய்வது போலவே பின்னால் ஒரு அடி வைத்து, ஆடம்பரமாக இழுத்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ உப்பியது, உடைந்தது. மறுபடியும். மறுபடியும்.

"அங்கிள், இதுவா ஜெர்மனி டெக்னிக்?"

"எங்க அண்ணன் எச்சில்லயே இத்த வுட பெர்சா வுடுவான்."

"கம்முனு இருங்கடா, காத்து ஜாஸ்தியா கீது" என்றேன். காற்று நின்றது, அப்போதும் வரவில்லை. வெயிலைக் குறை சொன்னேன். கிளிசரினைக் குறை சொன்னேன். கடைசியில், "இந்த ஊரு சோப்பே சரியில்லடா" என்றேன். வாசற்படியிலிருந்து லீனா என்னைப் பார்த்த பார்வையை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்காக அவள் கூச்சப்பட்டாள்.

குனிந்து கலக்கும்போதுதான் அன்னக்கூடையில் மேலாக மிதந்த வெள்ளைத் திட்டு கண்ணில் பட்டது. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. என் உரையில் வருகிற படம் அது. உப்புத் தண்ணீரில் சோப்பு எப்படித் திரியும் என்று விளக்குகிற படம்.

யாரிடமும் சொல்லாமல் அன்னக்கூடையைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனேன். சமையலறையில் ஸ்டாண்டு மேல் தண்ணீர் கேன். சீல்கூட உடைக்கவில்லை. ஜெபின் பின்னாலேயே வந்தான்.

"மாமா, அது நல்ல தண்ணி மாமா."

"தெரியும்டா. அதான் எடுக்கறேன்."

"அம்மா திட்டும்."

"ஒரு போன் போட்டா இன்னொரு கேன் வந்துட்டுப் போவுது. இதுக்குப் போயி."

அவன் கேனின் அடிப்பக்கத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்தான், எனக்கு உதவுகிறானா தடுக்கிறானா என்று தெரியாத மாதிரி.

4

முதல் குமிழி ஷூ லேஸை விட்டு அசைந்து அசைந்து கிளம்பியபோது தெருவே அண்ணாந்து பார்த்தது. பூசணிக்காய் அளவு. பிறகு ஒரு கன்றுக்குட்டி அளவு. நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு மேலே, துணிக்கொடிக்கு மேலே, வயிறு குலுங்கக் குலுங்கப் போனது. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று வாயைப் பிளந்தார். பிள்ளைகள் கத்திக்கொண்டு துரத்தினார்கள். யாரோ லீனாவின் கையைப் பிடித்து இழுத்தார்கள், படியிலிருந்து குதித்து அவளும் ஓடினாள். எட்டி அடித்தாள். உடைந்தது. முகம் முழுக்கச் சோப்பு.

"நோக் மால்!" என்று கத்தினாள். இன்னொரு தடவை என்று அர்த்தம். யாருக்கும் புரியவில்லை, எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

"நொக்க மாலு! நொக்க மாலு!"

தெருவே கத்தியது. தமிழ் பேசவைக்க ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தேன், அவளோ எங்கள் தெருவுக்கே ஜெர்மன் கற்றுக்கொடுத்துவிட்டாள். எனக்கு என்ன வந்தது? சிரித்தாள் அல்லவா. கரைசல் தீர்ந்ததும் பிள்ளைகள் நொக்க மாலு என்றார்கள், கேனில் மீதியிருந்த பாதியையும் கொண்டுவந்து ஊற்றினேன். ஒரு கை நீரை லீனா தலையில் விளையாட்டாகத் தெளிக்கவும் செய்தேன். அவ்வளவு தாராளம்.

எல்லாம் முடிந்தபின் நிதானமாகக் கேன்காரருக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கி வராது சார். தண்ணி சுத்தம் பண்ற மெசின் ரிப்பேரு. திங்கக்கெழம பாக்கலாம்."

"ஒரே ஒரு கேன் குடுங்க, நான் வந்து எடுத்துக்கறேன்."

"இருந்தா குடுக்க மாட்டேனா? ஸ்டெல்லா அக்காகிட்ட நேத்தே சொன்னனே சார், கடசி கேனு, பாத்து செலவு பண்ணுங்கன்னு."

பக்கத்துக் கடைகளுக்கு ஓடினேன். பாட்டில்கூட இல்லை, எல்லோருக்கும் அதே மெசின்தான் போலிருக்கிறது. வெறுங்கையோடு திரும்பியபோது அக்காவின் செருப்பு வாசலில் இருந்தது.

5

மே மாத வெயிலில் கம்பெனியிலிருந்து நடந்து வந்தவள். சொம்பைக் கேனுக்குக் கீழே பிடித்துக் கொண்டு குழாயைத் திருகினாள். காற்று வந்தது. கேனைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். நுரை இன்னும் காய்ந்திருக்கவில்லை.

நான் ஆரம்பித்தேன். "அக்கா, அது வந்து, லீனா..."

"சிரிச்சாளா?"

"சிரிச்சாக்கா. நல்லா ஓடி ஆடினா."

"சரி வுடு." அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம். அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அது ஃபரீதாம்மா வீடு. பெரிய மனசு, அதைவிடப் பெரிய குரல். நான் ஜன்னலோரம் நின்றேன். போகலாம், குடத்தை நான் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன்.

"ஒரு கொடம் நல்ல தண்ணி குடுங்கக்கா. கேன் கொட்டிப் போச்சி."

"எப்டி கொட்டுச்சி?"

அக்கா குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டாள்.

"ஜெபின்தான் தட்டி வுட்டுட்டான்க்கா. இன்னா பண்றது, பசங்க."

ஜெபின் அங்கேதான் இருந்தான், ஃபரீதாம்மா வீட்டுப் படியில், லீனாவுக்கு ஷூ லேஸ் முடிச்சை அவிழ்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு. அம்மா சொன்னதைக் கேட்டான். என் ஜன்னலைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன்டா ஜெபினு, கண்ணு இன்னா பொடணிலயா கீது? ஊரே தண்ணிக்கு பேஜார் பட்டுக்கினு கீது, நீ கேன தட்டி வுடறியா? மாமா வந்துகீறாரு, அந்தக் கொழந்த வந்துகீது, அதுங்க இன்னா குடிக்கும்? அறிவு வேணாம்?"

பையன் வாங்கிக்கொண்டான்.  ஜெர்மனியிலிருந்து வந்த தம்பியின் மானத்துக்காக அக்கா தன் பிள்ளையைத் திட்டு வாங்கவைத்தாள், அந்தப் பிள்ளை அதைப் புரிந்துகொண்டு வாங்கினான். அந்தத் தம்பி என்ன செய்தான்? அப்போதாவது வெளியே போயிருக்கலாம். ஜன்னலிலிருந்து தெரியாதபடி ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். குமிழி இழுக்க வைத்தேனே, அதே மாதிரி ஒரு அடி.

அப்போது ஒரு குரல் கேட்டது. யாரோ தெருப் பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இல்ல. ஜெபின் கொட்டல."

ஜெபின் தலையை நிமிர்த்தினான்.

"எங்கப்பாதான் கொட்னாரு. நல்ல தண்ணி எல்லாம். முட்ட வுட்டாரு."

ஃபரீதாம்மா வாயில் கைவைத்தார். "யா அல்லா! இது பேசுது!"

"என் தங்கமே!" அக்கா குடத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டாள். "பேசிட்டியாடி? கொட்னாருன்னு எவ்ளோ அழகா சொல்லுச்சி கேட்டீங்களாக்கா? இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு, யாரு கொட்னாரு?"

"எங்கப்பா."

"எங்க உங்கப்பா?"

லீனா கையை நீட்டி எங்கள் வீட்டு ஜன்னலைக் காட்டினாள். "அங்க. ஒளிஞ்சிகினு கீறாரு."

கீறாரு. நாலே நாளில் எங்கே பிடித்தாளோ. அத்தனை வருடம் வீட்டில் நான் கற்றுக்கொடுத்த சுத்தத் தமிழில் ஒரு சொல்கூட இல்லை, முழுக்க முழுக்க ஆம்பூர். என் மகளின் முதல் முழுப் பேச்சு, என் மீதான புகார். சந்தோஷப்படுவதா எங்காவது போய் ஒளிவதா என்று தெரியவில்லை. ஒளிய ஏற்கெனவே எடுத்த இடமும் பறிபோய்விட்டது.

வெளியே வந்தேன்.

"இன்னா தம்பி," ஃபரீதாம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார், "அந்த ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் ஜன்னலுக்குப் பின்னாலதான் நிப்பாங்களா?"

நேராகப் போய் ஜெபினிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா, வுடு" என்றான், அவன் அம்மா சொன்ன அதே தொனியில். ஃபரீதாம்மா டிரம்மிலிருந்து முக்கால் குடம் ஊற்றினார். எங்களுக்கும் கம்மிதான் என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு சொம்பு ஊற்றினார். குடத்தை நான் தூக்கிக்கொண்டேன். நாலு எட்டில் தாண்டிவிடுகிற தெரு அன்று ரொம்ப அகலமாக இருந்தது.

6

மீதி நாட்கள் லீனா பேசிக்கொண்டே இருந்தாள். பெரும்பாலும் ஒரே விஷயம். ஜெபின் அவளை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனான், அவள் கதையைச் சொன்னாள், அவன் இலக்கணம் திருத்தினான். கடைசியில் மெடிக்கல்காரர்வரை போய்ச் சேர்ந்தது. கிளம்பும்போது கார் ஜன்னலில் தலையை நீட்டி அவளே சொன்னாள்: "அத்த, அடுத்த வருசம் வர்றேன்." எதற்காக அழைத்துப் போனேனோ அது நடந்துவிட்டது. என்னால் நடந்தது என்று சொல்லிக்கொள்ள வழியில்லாதபடி நடந்தது.

தண்ணீரைக் கொட்டியதற்காக நான் வெட்கப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஒரு கேன்காரர் திங்கட்கிழமை சரி செய்துவிடுவார். அந்த ஒரு அடி பின்னால் நகர்ந்தேனே, அது என்ன ரக வெட்கம் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் என்மேல் பிரியம் உள்ளவர்கள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்கிறாள். முன்பெல்லாம் லீனா கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள், இப்போது போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். எடுத்த எடுப்பில் அவள் கேட்பது ஒரே கேள்வி:

"அத்த, நல்ல தண்ணி வந்துச்சா?"

அக்கா சில வாரம் வந்துச்சி என்கிறாள், சில வாரம் இல்லடி தங்கம் என்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடமாகப் போனில் அக்காவின் சர்க்கரையைக் கேட்டிருக்கிறேன், மாமாவின் வேலையைக் கேட்டிருக்கிறேன், தங்கம் என்ன விலை என்றுகூடக் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு தடவையும் கேட்டதில்லை. இப்போது கேட்டால் லீனாவைப் பார்த்துக் காப்பியடித்தது போல இருக்கும். அதனால் இன்னும் கேட்கவில்லை.